மேணவலி வாடாவும் எங்கள் ஊர் வீடும்

சாங்வியிலிருந்து சதாரா சாலையில் கம்பாட்கி கணவாயைத் தாண்டி, சுரூரில் திரும்பினால் வாய் என்னும் ஊர். அதற்குச் சுமார் 3 கி.மீ. தொலைவில், கிருஷ்ணா நதிக்கரையில் இருக்கிறது மேணவலி. காலையில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

பேஷ்வாக்களின் அமைச்சர் நானா பட்னவிஸுக்கு (1742–1800) இக்கிராமம் 1768இல் கொடையாகக் கிடைத்தது. அவர் ஆற்றங்கரையில் பிறை வடிவப் படித்துறை, இரு கோயில்கள், தமக்கென ஒரு வாடா ஆகியவற்றைக் கட்டுவித்தார். சிவன் கோயிலருகே தொங்கும் பெரிய மணி, 1739இல் வசையில் போர்த்துக்கீசியரை வென்று கொண்டுவந்தது. அதில் மேரி மாதா உருவம் இருக்கிறது! 'ஸ்வதேஸ்' (2004) இந்திப் படம் எடுத்ததும் இங்கேதான்.

வாடாவுக்குள் ஆறு சௌக்குகள். சௌக் என்பது நம் முற்றமேதான். சுற்றிலும் தாழ்வாரம், தேக்குத் தூண்கள். "தாத்தா, நம்ம ஊர் வீடு மாதிரியே இருக்கே!" என்றான் பேரன். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து வீடு எட்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. விற்றுவிடலாம் என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தான்.

ரயில்வேயில் பாலங்களைப் பராமரித்தவன் நான். வாடாக்களில் பாரம் தாங்குவது மரச்சட்டம்தான். தூணின் அடியில் கல் வைத்திருப்பது தரையின் ஈரம் மரத்தில் ஏறாமலிருக்க. மரத்துக்கு எதிரிகள் தீயும் நீரும். புனேயில் 1732இல் குடிபுகுந்த சனிவார் வாடாவின் மர மாளிகைகளை 1828இல் தீ தின்றது. ஆளில்லாத வீட்டையோ நீர் தின்னும். ஓர் ஓடு உடைந்து, அதைப் பார்க்க ஆளில்லாவிட்டால், சில மழைக்காலங்களில் உத்தரம் உளுத்துவிடும். ஓட்டின் விலை சொற்பம். உத்தரத்தின் விலை அப்படியா?

ஐப்பசி மழைக்கு முன் ஊருக்குப் போனேன். கூடத்து உத்தரத்தின் முனையை விரலால் அழுத்தினேன், பொடியாக உதிர்ந்தது. நல்லவேளை, மற்றவை கெட்டியாக இருந்தன. அதை மாற்றி, கூரை முழுவதும் ஓடு மாற்றினோம். இனி ஆண்டுக்கொருமுறை நானும் தம்பியும் முறை வைத்துப் போவதென்று முடிவு. எங்களுக்குப் பின் என்ன ஆகுமோ, அது பேரன் பாடு.

அன்பர்களே, மேணவலிக்குக் குழந்தைகளோடு சென்று வாருங்கள். ஊரில் பூட்டிய வீடு வைத்திருப்பவர்கள், அடுத்த மழைக்கு முன் கூரையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.