முண்டகமும் அதனைச் சார்ந்த உயிர்களும்

முன்னுரை

நெய்தல் திணைப் பாடல்களைக் கற்பிக்கும் ஆசிரியர் எதிர்கொள்ளும் இடர்களுள் ஒன்று, அவற்றில் இடம்பெறும் செடிகொடிகளை மாணவர்க்குக் காட்ட இயலாமையாகும். முண்டகம் என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும். அகராதிகள் இச்சொல்லுக்குத் தாமரை, தாழை, முள்ளி எனப் பல பொருள் தருகின்றன. மாணவர் மனத்தில் எவ்வுருவமும் பதிவதில்லை. ஆயினும் இச்செடி மலேசிய, சிங்கப்பூர்க் கடலோரங்களில் இயல்பாகவே வளர்ந்து நிற்கிறது. அதனை அடையாளங்காட்டி, அது பேணும் உயிர்களை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் அடையாளமும்

குறுந்தொகை 49ஆம் பாடலில் அம்மூவனார், தலைவனின் கடற்கரையில் உள்ள முண்டகத்தைக் கூறுமிடத்து அணிலின் பல்லை உவமையாக்குகிறார். உரையாளர் இதனை அச்செடியின் முள்ளுக்கு உரியதாகக் கொள்வர். முள்ளி என்னும் பெயருடையவற்றுள் நீர்முள்ளி, குளக்கரையிலும் வயலோரத்திலும் வளரும் நன்னீர்ச் செடியாகும். உப்புநீர் ஏறி இறங்கும் கழியோரத்தில் வளர்வது கழிமுள்ளி. ஆகவே, நெய்தல் நிலத்து முண்டகத்தைக் கழிமுள்ளி எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இலின்னேயசு 1753இல் இதற்கு அகாந்தஸ் இலிசிஃபோலியஸ் எனப் பெயரிட்டார். மலாய் மொழியில் இது ஜெருஜு எனப்படும். தமிழகத்தின் பிச்சாவரத்தில் வளரும் அதே இனமே சிங்கப்பூரின் சுங்கை பூலோவிலும் மலேசியத் தீபகற்பத்தின் சதுப்புக் கரைகளிலும் வளர்கிறது.

அமைப்பு

கழிமுள்ளி ஏறத்தாழ ஆள் உயரம் வரை வளரும் புதர்ச்செடி. இலை விளிம்புகளில் கூரிய முட்கள் உண்டு; நிழலில் வளரும் இலைகளில் அவை குறைந்தோ இல்லாமலோ இருக்கும். வேர்வழி ஏறும் உப்பின் ஒரு பகுதியை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியேற்றுகின்றன. வெயில் ஏறியதும் இலைமேல் உப்புத் துகள்கள் மின்னுவதைக் காணலாம். மலர் நீலம் கலந்த ஊதா நிறமுடையது. மேலிதழ் இன்றி, அகன்ற கீழிதழ் மட்டுமே கொண்டது. முற்றிய காய் வெடித்து விதைகளை 2 மீட்டர் தொலைவு வரை எறியும்.

சார்ந்து வாழும் உயிர்கள்

இம்மலரின் நான்கு மகரந்தத் தாள்களும் சூல்தண்டைச் சூழ்ந்து நெருங்கி நிற்பவை. அவற்றை விலக்கித் தேனை அடைய வலிமை வேண்டும். எனவே தச்சுத் தேனீ போன்ற பெரிய வண்டினங்களும் தேன்சிட்டுகளும் இதனை நாடி வருகின்றன. அவை தேனுண்ணும்போது மகரந்தம் உடலில் ஒட்டி அடுத்த மலரைச் சேர்கிறது.

செடியின் அடியில் வேறோர் உலகம் இயங்குகிறது. முட்புதரின் அடர்த்தி சிற்றுயிர்களுக்கு மறைவிடமாகிறது. உதிர்ந்த இலைகளை நண்டுகள் வளைக்குள் இழுத்துச் சென்று உண்கின்றன. எஞ்சியவை மக்கிச் சேற்றுக்கு உரமாகின்றன. சேற்று இறால் தோண்டிக் குவிக்கும் மேடுகளில் இச்செடி வேரூன்றி, மண் கரையாமல் காக்கிறது. மேட்டினை அமைத்த உயிர்க்குச் செடியும், செடிக்கு அவ்வுயிரும் துணையாதல் குறிப்பிடத்தக்கது.

இழப்பு

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஏறத்தாழ 13 விழுக்காடு அலையாத்திக் காடாக இருந்ததென மதிப்பிடப்படுகிறது. இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ 1 விழுக்காடே. மரங்கள் வெட்டப்பட்ட சேற்றுநிலத்திலும் கழிமுள்ளி விரைந்து பரவும் இயல்புடையது. ஆதலால் அதனைக் களையெனக் கருதுவோரும் உளர். ஆனால், அலை வந்து செல்லும் கழியே மண்ணிட்டு மூடப்படுமாயின் அதற்கும் இடமில்லை. 2002இல் சுங்கை பூலோ சட்டப்படி காப்பிடமாக அறிவிக்கப்பட்டதன் பயனை இந்நோக்கில் உணரலாம்.

முடிவுரை

செடி மறைந்த நிலத்தில் அதன் பெயர் அகராதிச் சொல்லாக மட்டுமே எஞ்சும். நம் மாணவர்க்கு அந்நிலை இன்னும் நேரவில்லை. நெய்தற் பாடம் நடத்தும் ஆசிரியர், மாணவரை ஒருமுறை கழியோரம் அழைத்துச் சென்று முண்டகத்தைக் காட்டுவாராயின், அணிற்பல் உவமையை விளக்க உரைநூல் தேவைப்படாது. அச்செடியைக் காக்க வேண்டும் என்னும் எண்ணமும் அங்கேயே முளைவிடும்.