பல நிலை வகுப்பும் களப்பயணமும்

60 குழந்தைகள் வரை பயிலும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்பது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த கணக்கு, வகுப்புகளோ ஐந்து. ஆகையால் ஓர் ஆசிரியர் ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளை ஒருங்கே அமர்த்திக்கொண்டு பாடம் நடத்துவதை, ஏதோ தற்காலிகமாக நேர்ந்த அசௌகரியம் என்று கருதிவிட முடியாது. சிறிய பள்ளிகளைப் பொறுத்த மட்டில் அதுவே நிரந்தரமான நிலைமை. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலையைச் சூழ்ந்த கல்குளம் வட்டத்துச் சிறு பள்ளிகளுக்கும் இந்தக் கணக்குத்தான். போதாக்குறைக்கு, ஒரே வகுப்பைச் சேர்ந்த குழந்தைகளுக்குள்ளேயே ஒருவன் கதைப் புத்தகத்தைத் தடையின்றி வாசிக்க, அவன் அருகில் இருப்பவள் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் திணறுகிறாள். இதைத்தான் பல நிலை வகுப்பு என்கிறோம்.

இது நம் நாட்டுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒரே உபாத்தியாயர், மணலில் அகரம் எழுதும் பாலகன் முதல் நிகண்டு ஓதும் மாணவன் வரை அனைவரையும் நடத்திச் சென்றார். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். சென்னையில் 1789-இல் இராணுவ அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இந்த நாட்டுப் பள்ளிகளின் முறையைக் கண்டு வியந்து, அதைத் தம் விடுதியில் கையாண்டு, 1797-இல் லண்டனில் நூலாகவும் வெளியிட்டார். அதன் பயனாக மேனாடுகளில் 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே அது பரவிற்று. நம்மிடமிருந்து போன அந்த முறை பிற்காலத்தில் நம் பள்ளிகளிலேயே அருகிப்போனதை எண்ணும்போது மனம் சிறிது வருந்தத்தான் செய்கிறது.

அதன் சாரம் நவீன உருவில் திரும்பி வந்தது, ஆந்திரத்தின் ரிஷிவேலியிலிருந்து. அங்கே பத்மநாப ராவ், ரமா தம்பதியர் சுற்றுவட்டார ஓராசிரியர் பள்ளிகளுக்காகப் பாடங்களைச் சிறு சிறு அட்டைகளாகப் பகுத்து அமைத்திருந்தனர். அதைத் தழுவி, 2003-இல் எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட செயல்வழிக் கற்றல், 2007-08 கல்வியாண்டில் தமிழகம் முழுவதிலும் உள்ள அரசு, உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. சுவரில் கற்றல் ஏணி. அதன் ஒவ்வொரு படிக்கும் சின்னம் பொறித்த அட்டைகள். குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்ந்த கரும்பலகை. வரைந்த படங்களைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். ஆசிரியர் துணையோடு பயிலும் குழு, சக மாணவர் துணையோடு பயிலும் குழு, தானே பயிலும் குழு என்று பிரிந்து தரையில் அமர்ந்த குழந்தைகள். 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும், கொரோனாக் காலத்து இழப்பை ஈடுசெய்யும் நோக்குடன், அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை நிலைவாரியாகப் பிரித்தே கற்பிக்கிறது.

அட்டையானாலும் பயிற்சி நூலானாலும் ஒரு குறை மிஞ்சுகிறது. ஒவ்வொரு குழந்தையும் தன் படியில் தானே ஏறுகிறதே தவிர, அனைவரும் ஒன்றுகூடி ஒரே விஷயத்தைக் கண்டு, ஒருவர் கண்டதை மற்றவருக்குச் சொல்லும் சந்தர்ப்பம் சுருங்கிவிடுகிறது. களப்பயணம் இங்கேதான் இன்றியமையாததாகிறது என்பது என் திடமான அபிப்பிராயம். பொருள் ஒன்று, கேள்விகள் பல என்பதே அதன் சூத்திரம். ஆண்டுக்கு ஒரு முறை பேருந்தில் ஏற்றிச்சென்று, வரிசையாக நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்துத் திரும்பும் இன்பச் சுற்றுலாவை நான் குறிப்பிடவில்லை. பாடத்தின் அங்கமாகவே திட்டமிடப்படும் சிறு பயணத்தைச் சொல்கிறேன்.

தக்கலைக்கு இந்த வகையில் வாய்த்திருக்கும் செல்வம் அபாரமானது. நகரிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில், 1795 வாக்கில் திருவனந்தபுரத்துக்கு மாற்றப்படும் வரை திருவிதாங்கூரின் தலைநகராயிருந்த பத்மநாபபுரத்தின் அரண்மனை நிற்கிறது. அதன் ஊட்டுப்புரையின் இரு தளங்களிலும் தளத்துக்கு ஆயிரம் பேர் என இரண்டாயிரம் பேர் ஒரே சமயத்தில் உண்ணலாம் என்பார்கள். ஒருவருக்கு இவ்வளவு அரிசி என்று வைத்துக்கொண்டு மொத்தத் தேவையை ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் கணக்கிடலாம். மூன்றாம் வகுப்பினர் கூரைகள் ஏன் இவ்வளவு சரிவாக இருக்கின்றன என்பதை நம் ஊர் மழையோடு பொருத்தி ஆராயலாம். முதல் வகுப்பினருக்கோ, மந்திரசாலையின் வண்ண அபரகத் தகடுகள் வழியே வரும் ஒளியில் எத்தனை நிறங்கள் என்று சொல்வதே போதிய பாடம். முட்டையின் வெள்ளைக்கரு, சிரட்டைக்கரி, சுண்ணாம்பு முதலியவற்றால் கண்ணாடிபோல் மெருகேற்றிய கருந்தரையைக் கண்டதும் எல்லா வகுப்பினரும் ஒரே குரலில் கேட்கும் கேள்விக்கு ஆசிரியர் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கவேண்டும்! 1956 நவம்பர் 1-இல் இந்த மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னரும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பது ஏன் என்ற விசாரணை, பெரிய பிள்ளைகளுக்குச் சரித்திரத்தின் வாசலைத் திறக்கும். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்பதை மட்டும் நினைவில் கொள்ளவேண்டும்.

சற்றுத் தொலைவில், திருவட்டாற்றுக்கு அப்பால், பறளியாற்றின் மேல் 28 தூண்கள் தாங்கி நிற்கும் மாத்தூர்த் தொட்டிப்பாலம் இருக்கிறது. 1966-இல் கட்டப்பட்டது, உயரம் 115 அடி. சிறுவர்கள் தூண்களை எண்ணட்டும். அடுத்த நிலையினரிடம் 28 தூண்களுக்கு நடுவே எத்தனை இடைவெளிகள் என்று கேட்டால், பெரும்பாலோர் 28 என்றே சொல்லி, பின்பு கைவிரல்களை விரித்துப் பார்த்து 27 என்று தாமே திருத்திக்கொள்வார்கள். மூத்தவர்கள் 115 அடி எத்தனை தென்னை மரங்களின் உயரம் என்று மதிப்பிட்டு, பிறகு மீட்டருக்கு மாற்றட்டும். ஆற்றுக்கு மேலே மற்றொரு நீரோட்டம் எதற்காக என்ற கேள்வி, கல்குளம், விளவங்கோடு வயல்களைப் பற்றிய பாடமாக விரியும்.

பயணச் செலவுக்கு வழியில்லாத பள்ளிக்குத் தக்கலைச் சந்தையே போதும். மரச்சீனியும் வாழைக்குலையும் மீனும் நிறுக்கப்படுவதைப் பார்த்து விலை எழுதிக்கொண்டு வந்தால் ஒரு வாரத்துக்கான கணக்கும் மொழிப் பயிற்சியும் கிடைத்துவிடும்.

ஏற்பாட்டில் இரண்டு காரியங்கள் முக்கியம். பயணத்துக்கு முந்திய நாளே ஒவ்வொரு நிலைக்கும் உரிய கேள்விகள் எழுதிய சீட்டுகள் தயாராக வேண்டும். குழுக்களைப் பிரிக்கும்போது ஒரே நிலையினரை ஒன்றாகச் சேர்க்காமல், மூத்தவர் ஒருவர், நடுநிலையினர் இருவர், இளையவர் இருவர் என்று கலந்து அமைக்க வேண்டும். அப்போது பழைய சட்டாம்பிள்ளையின் பணி, பிரம்பும் அதிகாரமும் இல்லாமல், அன்போடு நடைபெறும். பெற்றோரின் இசைவு, குடிநீர், கால்வாய்க் கரைகளிலும் பாலத்தின் மீதும் கண்காணிக்க உடன் வரும் தாய்மார் ஆகியவை சொல்லாமலே விளங்கும்.

மறுநாள் வகுப்பில் முதலில் பேசவேண்டியவர்கள் இளையவர்கள். மூத்தவர்கள் முதலில் பேசிவிட்டால் சிறுவர்கள் அதையே திருப்பிச் சொல்லி அமர்ந்துவிடுவார்கள். முதல் வகுப்புக் குழந்தை தான் கண்டதைச் சொல்ல, அதை மூன்றாம் வகுப்பு மாணவி ஒரு வாக்கியமாகக் கரும்பலகையில் எழுத, ஐந்தாம் வகுப்பு மாணவன் அதற்குக் காரணம் சேர்க்க, மூவரும் கூடி எழுதிய அந்தப் பக்கம் பள்ளியின் வாசிப்பு நூல்களோடு வைக்கப்பட்டால், அடுத்த ஆண்டு சேரும் குழந்தைகளுக்கு அதுவே பாடநூலாகும்.