இரண்டு கம்பெனி என்ஜின், ஒரே ரயில்: மாடல் ரயில்களைச் சேர்த்து ஓட்டுவது எப்படி?

லண்டன் சித்தப்பா வாங்கி வந்தது ஹார்ன்பி என்ஜின். அமெரிக்காவில் வேலை பார்க்கும் அண்ணன் அனுப்பியது பாக்மன். ஜெர்மனிக்குப் படிக்கப் போன தங்கச்சி லீவுக்கு வந்தப்போ கொண்டு வந்தது மார்க்லின். தளியில் ஒரு வீட்டு அலமாரியில் இப்படி மூன்று மாடல் ரயில் என்ஜின்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

நம்ம ஊரில் மாடல் ரயில் சேர்ப்பவர்களில் பலருக்கு இப்படித்தான். ஒரே கம்பெனியாகப் பார்த்து வாங்க முடியாது. யார் எந்த நாட்டிலிருந்து வருகிறார்களோ, அந்த நாட்டுப் பெட்டிதான் கைக்கு வரும். விலையும் குறைவில்லை. அதனால் ஒரே தண்டவாளத்தில் ஏற்றி, இரண்டு என்ஜின் பூட்டி நீளமான ரயிலை இழுக்க ஆசைப்படும்போது பயமும் கூடவே வரும்: மோட்டார் புகைந்துபோனால்?

முதல் கேள்வி: ஒரே பாதையில் நிற்குமா?

ஓசூர்க்காரர்களுக்கு இந்தக் கதை புதுசில்லை. ஓசூர், தர்மபுரி பக்கம் முதலில் வந்தது குறும்பாதை ரயில். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது பிடுங்கப்பட்டது. பிறகு மீட்டர் கேஜ் வந்தது. 1990-களில் அதுவும் போய் பிராட் கேஜ் ஆனது. அகலம் மாறினால் பழைய என்ஜின் புதுப் பாதையில் ஓடாது. மாடலிலும் அதே விதிதான்.

எச்.ஓ. என்பது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதுதான் பெரும்பாலும் ஓடுகிறது. பிரிட்டனின் ஓ.ஓ. என்பது 76-ல் ஒரு பங்கு. ஆனால் இரண்டுக்கும் தண்டவாள அகலம் 16.5 மி.மீ. தான். அதனால் ஹார்ன்பியும் பாக்மனும் ஒரே பாதையில் நிற்கும். ஹார்ன்பி கொஞ்சம் பருமனாகத் தெரியும், அவ்வளவுதான்.

அப்போ மார்க்லின்? அகலம் அதே 16.5 மி.மீ. ஆனாலும் இங்கே ஓடாது. மார்க்லினின் எச்.ஓ. என்ஜின்களுக்கு, பாதையின் நடுவில் வரிசையாக இருக்கும் சின்னச் சின்னப் புள்ளிகள் வழியாகக் கரண்ட் வருகிறது. என்ஜினின் அடியில் உள்ள தகடு அதை உரசிக்கொண்டே போகும். அதன் இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே மின்காப்பு இல்லை. இரண்டு தண்டவாளத்தில் பிளஸ், மைனஸ் ஓடும் சாதாரண பாதையில் அதை வைத்தால் நேராக ஷார்ட் சர்க்யூட்தான். தங்கச்சியின் பரிசுக்குத் தனிப் பாதை போட வேண்டும். மீதி இரண்டை வைத்து மேலே போகலாம்.

கொக்கி சேருமா?

பிரிட்டிஷ் என்ஜினில் பெரும்பாலும் அகலமான கம்பியும் கொக்கியும் இருக்கும். அமெரிக்க என்ஜினில் மடக்கிய கைவிரல் மாதிரி ஒரு கப்ளிங். இரண்டும் ஒன்றோடொன்று மாட்டாது. புதிய என்ஜின்கள் பலவற்றில் 'நெம் 362' என்ற ஐரோப்பியத் தரத்தில் சின்னப் பொந்து இருக்கிறது. பழைய கொக்கியை இழுத்துவிட்டு, வேண்டிய கொக்கியைச் செருகினால் போதும்.

ஏன் ஒன்று ஓடுது, இன்னொன்று தேங்குது?

உண்மையான சிக்கல் இங்கேதான். ஒரே 12 வோல்ட் கொடுத்தாலும் இரண்டு என்ஜினும் ஒரே வேகத்தில் போகாது. மோட்டார் வேறு, பற்சக்கர விகிதம் வேறு, சக்கர அளவு வேறு.

நிஜ ரயிலில் இது இவ்வளவு பெரிய பிரச்னை இல்லை. இரண்டு என்ஜின்களைக் கேபிளால் இணைத்து, முன்னால் இருக்கும் லோகோ பைலட்டே இரண்டையும் இயக்குவார். ஒன்று சற்றுத் தேங்கினாலும் அதன் சக்கரம் சுழலும், மோட்டாரும் கூடவே சுழலும். மாடல் என்ஜின்களில் பெரும்பாலும் இருப்பது வார்ம் கியர். ஓசூர் சிப்காட்டில் கன்வேயர் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும், ஆனால் சக்கரத்தைக் கையால் சுழற்றினால் மோட்டார் அசையாது.

விளைவு? முன் என்ஜின் வேகமாக இழுக்கும்போது பின் என்ஜினின் சக்கரம் சுலபமாக உருண்டு கொடுக்காது, தண்டவாளத்தில் தேய்ந்துகொண்டே வரும். மோட்டார் சூடாகும், சக்கரத்தின் ரப்பர் வளையம் தேயும். பின் என்ஜின் வேகமாக இருந்தால் முன்னதை முட்டித் தள்ளும். வளைவில் இரண்டும் தடம் புரளும். கொஞ்சம் வித்தியாசம் என்றால் சக்கர வழுக்கல் சமாளித்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் என்றால் சேர்த்து ஓட்டக் கூடாது.

டி.சி.சி. என்ன செய்கிறது?

தளி சந்தையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். ஒரு பொது மொழி இருந்தால்தான் வியாபாரம் நடக்கும். மாடல் ரயிலுக்கு அப்படி வந்த பொது மொழிதான் டி.சி.சி. என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறை. ஜெர்மனியின் பெர்ன்ட் லென்ஸ் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்ரோடு சங்கம் 1990-களில் அதைப் பொதுத் தரமாக்கியது.

இதில் பாதையில் எப்போதும் சுமார் 15 வோல்ட் இருக்கும். அந்தக் கரண்டிலேயே கட்டளைகளும் கலந்து போகும். ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் டீகோடர் என்ற சின்ன சர்க்யூட் இருக்கிறது. தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். டீகோடர் எந்தக் கம்பெனி என்பது இங்கே பிரச்னையே இல்லை.

கவனிக்க: பெட்டியில் 'டி.சி.சி. ரெடி' என்று போட்டிருந்தால் டீகோடர் மாட்ட இடம் மட்டும்தான் இருக்கிறது என்று அர்த்தம். டீகோடர் இல்லாத என்ஜினை டி.சி.சி. பாதையில் நிறுத்தினால், நின்ற இடத்திலேயே ரீங்காரமிட்டு மோட்டார் சூடாகி எரிந்துபோகலாம்.

வேகத்தைச் சமன் செய்வது எப்படி?

டீகோடரின் அமைப்புகளுக்கு சி.வி. என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். மாற்றும்போது புரோகிராமிங் பாதையில் ஒரே ஒரு என்ஜின் மட்டும் இருக்கட்டும். இல்லைன்னா இரண்டிலும் பதிந்துவிடும்.

1. இரண்டு என்ஜின்களையும் பத்து நிமிடம் தனித்தனியாக ஓட்டிச் சூடேற்றுங்கள். குளிர்ந்த மோட்டாரின் வேகம் வேறு.

2. சி.வி. 3, சி.வி. 4 இரண்டையும் பூஜ்யமாக்குங்கள். மெதுவாக வேகம் கூடுவதையும் குறைவதையும் இவைதான் தீர்மானிக்கின்றன.

3. நேர்ப்பாதையில் 1 மீட்டர் அளந்து குறியிடுங்கள். ஒரே வேகப் படியில் எத்தனை வினாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச்சில் பாருங்கள். எச்.ஓ.வில் 1 மீட்டர் என்பது நிஜத்தில் 87 மீட்டர். 10 வினாடி ஆனால் மணிக்கு சுமார் 31 கி.மீ. ஆனால் எச்.ஓ.வையும் ஓ.ஓ.வையும் ஒப்பிடும்போது கி.மீ. கணக்கு வேண்டாம், வினாடியை மட்டும் பாருங்கள்.

4. மெதுவான என்ஜினை அளவுகோலாக வையுங்கள். வேகமானதைக் குறைக்கலாம், மெதுவானதை அதன் எல்லைக்கு மேல் ஓட வைக்க முடியாது. வேகமானதில் சி.வி. 2 தொடக்க வேகம், சி.வி. 5 உச்ச வேகம், சி.வி. 6 நடு வேகம். வினாடிகள் நெருங்கும் வரை மாற்றிக்கொண்டே வாருங்கள்.

5. கொக்கி மாட்டாமல், ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டையும் ஒன்றாக ஓடவிடுங்கள். ஒரு முழுச் சுற்றுக்குப் பிறகும் அந்த இடைவெளி பெரிதாக மாறவில்லை என்றால் வேலை முடிந்தது.

6. இரண்டிலும் சி.வி. 19-ல் ஒரே கூட்டு எண்ணைப் பதியுங்கள், உதாரணமாக 25. ஓர் என்ஜின் திரும்பி நின்றால் அதற்கு மட்டும் 128 கூட்டி 153 போட வேண்டும். மறந்தால் இரண்டும் எதிரெதிராக இழுக்கும்.

இதற்கப்புறமும் குலுங்கினால், மேட்டில் வேகம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் வசதி இரண்டு டீகோடரிலும் மோதுகிறது என்று அர்த்தம். அதைக் குறைக்கலாம் அல்லது நிறுத்தலாம். இதற்கான சி.வி. கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், அந்தந்தக் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

டி.சி.சி. இல்லாவிட்டால்?

பழைய டி.சி. கன்ட்ரோலரில் சி.வி. கிடையாது. அங்கே ஐந்தாவது படியில் சொன்ன சாண் இடைவெளிச் சோதனை மட்டும்தான் வழி. ஒத்துப்போகிற ஜோடியைச் சேர்த்து ஓட்டலாம். ஒத்துப்போகாததைத் தனியாக ஓட்டுவது நல்லது.

அடுத்த முறை வெளிநாட்டிலிருந்து யாராவது போன் பண்ணி, "என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று கேட்டால் மூன்று விஷயம் சொன்னால் போதும்: எச்.ஓ. அளவு, இரண்டு தண்டவாள முறை, டீகோடர் உள்ளே இருக்கணும். கம்பெனி பேரெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.