உடல் சொல்லும் செய்தி

பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்பித்த காலத்தில் ஐம்புலன்களுக்கு நான் ஐந்து விரிவுரைகள் ஒதுக்கினேன். உடல் தன்னையே உணரும் புலனுக்கு ஒன்றும் ஒதுக்கவில்லை. பசி, தாகம், மூச்சுமுட்டல் என்பன உள்ளுறுப்புகள் மூளைக்கு அனுப்பும் செய்திகள். எப்போது தேடுவது, எப்போது நிறுத்துவது என்பதை விலங்கு இவற்றைக் கொண்டே தீர்மானிக்கிறது. இச்செய்திகளைப் பெறும் நரம்பு முனைகளை ‘அகவாங்கிகள்’ என்ற பொருளில் 1906இல் ஷெரிங்டன் வகைப்படுத்தினார்.

இத்துறையில் முக்கியமான ஒருவர் அவ்தார் சிங் பெயின்தால். 1925இல் பர்மாவில் பிறந்து, பின்னர் டில்லி வல்லபாய் பட்டேல் மார்புநோய் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். உள்ளுறுப்புகளை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் தனித்தனி இழைகளைப் பூனைகளில் பிரித்தெடுத்து, அவற்றின் மின்துடிப்புகளைப் பதிவு செய்தார். இரைப்பை விரியும்போது துடிக்கும் இழைகளை 1954இல் விளக்கினார். உண்டது இரத்தத்தில் சேர நேரம் செல்லும். விலங்கோ அதற்கு முன்பே உண்பதை நிறுத்துகிறது. அது எவ்வாறு என்ற கேள்விக்கு இதில் ஒரு விடை கிடைத்தது.

1955இல் நுரையீரலில் வேறொரு வகை வாங்கிகளைக் கண்டார். மயிர்த்துளைக் குழாய்களை அடுத்துள்ள இவற்றுக்கு ‘ஜே’ வாங்கிகள் என்று பெயர். அங்கே நீர் மிகும்போது இவை தூண்டப்படும். மூச்சு வேகமாகும், தசைகள் தளரும். கடும் உழைப்பை நிறுத்தச் செய்யும் காவல் இது என்றார் பெயின்தால். ஆரோக்கியமான மனிதரில் இதன் பங்கு எவ்வளவு என்பது விவாதத்துக்குரியது.

பூனை இச்செய்திக்குப் பணியும். மனிதர் மறுக்கவும் கூடும். 1987 செப்டம்பரில் நல்லூரில் திலீபன் நீரும் அருந்தாது பன்னிரண்டாம் நாள் இறந்தார். மனம் உடலை வென்றது என்றே அதை நாம் எழுதிவருகிறோம். இங்கு எடிசனில், நான் நிற்கும் பொதியிடும் வரிசையிலும் தாகம் மறுக்கப்படுகிறது. இடைவேளைக்கு முன் தண்ணீருக்குப் போனால் மேற்பார்வையாளர் நிமிடங்களைக் குறிப்பார். அதனால் காலையிலேயே குறைவாகக் குடிக்கப் பழகிவிட்டோம். இப்போது தாகமே தெரிவதில்லை என்கிறார் பக்கத்தில் நிற்கும் குஜராத்திப் பெண். இதை எவரும் மனவுறுதி என்று போற்றுவதில்லை.

உடலை அடக்குவது உயர்வு என்று எம்மில் பலர் இன்னமும் எழுதுகிறோம். அடக்கச் சொல்வது யார், அடங்குவது யாருடைய உடல் என்பதையும் சேர்த்தே அதை விவாதிக்க வேண்டும்.