தேநீர் இடைவேளைக் கணக்கு

ராமானுஜனை இங்கிலாந்துக்கு வரவழைத்த ஜி. எச். ஹார்டியின் பெயரை நம் ஊரில் கேள்விப்படாதவர்கள் குறைவு. தன் கணிதத்தால் உலகுக்கு ஒரு பயனும் இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டவர் அவர். ஆனால் உயிரியல் மாணவர்களுக்கு அவரைத் தெரிவது 1908-இல் எழுதிய ஒரு சின்னக் கடிதத்தால்தான். குட்டை விரல் என்பது ஓங்கு பண்பு: பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், விரல் குட்டையாகிவிடும். அப்படியென்றால் தலைமுறைதோறும் பெருகி, கடைசியில் நான்கில் மூன்று பேருக்குக் குட்டை விரலாகிவிட வேண்டாமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. மரபியலாளர் ரெஜினால்ட் பன்னெட்டுக்குப் பதில் தெரியவில்லை. கிரிக்கெட்டில் தன்னோடு ஆடுகிற ஹார்டியிடம் கொண்டுபோனார். ஹார்டி போட்ட கணக்கை பிளஸ் டூ மாணவரும் போடலாம். ஓர் ஊரில் இருக்கிற மரபணுப் பிரதிகளில் பத்தில் ஒன்று குட்டை விரலுக்கானது என்று வைத்துக்கொள்வோம். தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி. நூறு பேரில் ஒருவருக்கு இரண்டுமே குட்டை விரல் பிரதியாக அமையும், 18 பேருக்கு ஒன்று மட்டும், 81 பேருக்கு ஒன்றுகூட இருக்காது. ஆக, குட்டை விரல்காரர்கள் 19 பேர். இந்த நூறு பேரிடம் இருக்கும் 200 பிரதிகளில் குட்டை விரலுக்கானவை எத்தனை? இரண்டும் பதினெட்டும் இருபது. மறுபடி அதே பத்தில் ஒன்று! யாரும் விரலைப் பார்த்துத் துணை தேடாதவரை, அடுத்த தலைமுறையிலும் 19 பேர்தான். (ஜெர்மனியில் வைன்பெர்க் என்ற மருத்துவரும் அதே ஆண்டு இதையே சொன்னார். கேட்கத்தான் ஆளில்லை, ஹார்டியின் பெயரோடு அவர் பெயரும் சேரப் பல பத்தாண்டுகள் ஆயின.)

இதில் கவனிக்க வேண்டியது கணக்கின் எளிமை. உயிரியலாளர்களைத் தடுத்தது கடினமான கணிதம் அல்ல. யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான். பன்னெட்டுக்கு கிரிக்கெட் வாய்த்தது. ஆலன் கார்மக்குக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விரிவுரையாளரான அவர், 1956-இல் அந்த ஊரின் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் கதிரியக்கப் பொருள்களின் பயன்பாட்டைப் பகுதிநேரமாகக் கண்காணித்தார். உடம்பை ஊடுருவி வெளியே வரும் கதிர்களை மட்டும் அளந்து, உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு கதிர் உறிஞ்சப்படுகிறது என்று சொல்ல முடியுமா என்ற கேள்வி அங்கே அவரைப் பிடித்துக்கொண்டது. இப்படி ஒரு கணக்கை யாராவது போட்டிருப்பார்களே என்று தேடினார், கிடைக்கவில்லை. தானே விடை கண்டு 1963, 1964 ஆண்டுகளில் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார். அநேகமாக யாரும் சீண்டவில்லை. பிரதி கேட்டு வந்த கடிதங்களில் சுவாரசியமானது சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையத்திலிருந்து வந்தது என்று தன் நோபல் உரையில் அவர் குறிப்பிட்டிருக்கிறார். உண்மையில், ஆஸ்திரியக் கணிதவியலாளர் யோஹான் ராடான் 1917-லேயே அந்தக் கணக்கை முடித்து வைத்திருந்தார். அது கார்மக்குக்குத் தெரியவர ஏறக்குறைய 14 ஆண்டுகள் பிடித்தன. இதற்கிடையில் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர் தன் வழியில் சி.டி. ஸ்கேன் கருவியை உருவாக்கி, 1971-இல் முதல் நோயாளியைப் படம் பிடித்துவிட்டார். கார்மக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும் 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது நல்ல முடிவுதான். ஆனால் ராடான் போட்ட கணக்கையே கார்மக் மறுபடி போட வேண்டியிருந்தது.

ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பல்துறைக் கணிதப் பயிலரங்கு எதற்கு என்று கேட்டால், பன்னெட்டுக்கு வாய்த்த தற்செயலைக் கொஞ்சம் ஏற்பாடு செய்து தருவதற்கு என்பேன். ஒரு வாரத்தில் உயிரியலாளருக்கு வகைக்கெழுச் சமன்பாடுகளைப் புகட்டிவிடலாம் என்று நினைத்து நடத்தினால் அது தோற்கும். நடக்க வேண்டியது வேறு: ஒருவர் பேசும் மொழி இன்னொருவருக்குப் புரிய வேண்டும். ‘நார்மல்’ என்ற சொல் மருத்துவருக்கு நோயில்லாத நிலை, புள்ளியியலாளருக்கு மணி வடிவ வளைவு, வடிவியலாளருக்குச் செங்குத்துக் கோடு. மூவரும் ஒரு மணி நேரம் தலையாட்டிக்கொண்டே பேசிவிட்டு, மூன்று வேறு விஷயங்களைப் புரிந்துகொண்டு எழுந்து போகலாம். பேச்சே இல்லாவிட்டால் இன்னும் மோசம். 1994-இல் ஒரு நீரிழிவு ஆய்விதழ், வளைகோட்டுக்குக் கீழுள்ள பரப்பைச் சரிவகங்களாக வெட்டி அளக்கும் முறையைப் புதுக் கண்டுபிடிப்பாக வெளியிட்டது. அது எண்முறைக் கணிதத்தில் பாலபாடம். நூற்றுக்கணக்கானவர்கள் அதை மேற்கோள் காட்டவும் செய்தார்கள். இதைச் சொல்லிச் சிரிக்கும் கணிதக்காரர்கள் நாம் ஏன் அவர்கள் கூப்பிடும் தூரத்தில் இல்லை என்று கேட்டுக்கொள்வதில்லை.

முதலில் சொந்தத் துறையில் வேரூன்றட்டும், அகலக்கால் பிறகு என்பது மூத்தவர்கள் சொல்லும் மறுப்பு. இதில் நியாயம் இருக்கிறது; முனைவர் பட்டமும் வேலையும் ஒரு துறையின் பெயரில்தான் கிடைக்கின்றன. ஆனால் ஹார்டி மரபியலாளர் ஆகிவிடவில்லை, கடிதத்தை எழுதிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இரண்டு துறையில் பட்டம் வாங்கு என்று யாரும் சொல்லவில்லை. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்தால் போதும். அதற்கு எல்லாரையும் ஒரே வளாகத்தில் வைத்தால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. 1962-இல் தொடங்கி இன்று தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தில் கணிதம், இயற்பியல், கணினி அறிவியல், கணிப்பு உயிரியல் எல்லாம் அடுத்தடுத்த அறைகளில்தான். அது பெரிய வசதி. ஆனாலும் ஹார்டியும் பன்னெட்டும் கேம்பிரிட்ஜ் என்ற ஒரே ஊரில்தான் இருந்தார்கள், கிரிக்கெட் தேவைப்பட்டதே. பயிலரங்கு என்ற பெயரில் நாளுக்கு ஆறு சொற்பொழிவு வைத்து, பையும் சான்றிதழும் கொடுத்து அனுப்பும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லப்படும் குறை மட்டும் முழுக்க உண்மை. அதற்கு மாற்று 1968-லேயே ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிவிட்டது. லெஸ்லி ஃபாக்ஸும் ஆலன் டெய்லரும் ஆரம்பித்த ‘ஆய்வுக் குழு’க்களில், திங்கட்கிழமை தொழிற்சாலைக்காரர்கள் தங்கள் சிக்கலைச் சொல்வார்கள், பிடித்த சிக்கலைச் சுற்றி ஆட்கள் கூடுவார்கள், வெள்ளிக்கிழமை கண்டதைச் சொல்லியாக வேண்டும். பாதி விடை ஆனாலும் பரவாயில்லை. அங்கே ஆய்வு மாணவரும் பேராசிரியரும் ஒரே கரும்பலகை முன்னால் நிற்க வேண்டியிருக்கும், ஏனென்றால் அந்தச் சிக்கல் இருவருக்குமே புதிது.

புதியவர்களுக்குக் கூச்சம் என்று ஒன்று உண்டு, அதைத் திட்டமிடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். 1972-இல் பிரின்ஸ்டனின் உயர் ஆய்வு நிறுவனத்துக்கு வந்திருந்தார் இளம் கணிதவியலாளர் ஹ்யூ மான்ட்கோமரி. ரீமன் ஜீட்டா சார்பின் பூஜ்ஜியங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு இடைவெளி விட்டு நிற்கின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. பகா எண்களின் பரவலோடு தொடர்புடைய விஷயம். தேநீர் வேளையில், ஃப்ரீமன் டைசனிடம் உன்னை அறிமுகப்படுத்துகிறேன் வா என்றார் எண் கோட்பாட்டறிஞர் சர்வதமன் சவ்லா. அவ்வளவு பெரிய இயற்பியலாளரைத் தொந்தரவு செய்ய மான்ட்கோமரிக்கு மனமில்லை. சவ்லா விடவில்லை. இடைவெளிக்கான சூத்திரத்தை மான்ட்கோமரி சொன்னதுமே டைசன் அடையாளம் கண்டுகொண்டார்: கனமான அணுக்கருக்களின் ஆற்றல் நிலைகளை ஆராய இயற்பியலாளர்கள் கையாண்ட அணிகளிலும் இதே சூத்திரம்தான் வருகிறது. பகா எண்ணுக்கும் அணுக்கருவுக்கும் ஏன் இந்த உறவு என்பது இன்றுவரை முழுதாக விளங்கவில்லை. அதைத் துருவி ஒரு தனி ஆராய்ச்சிக் கிளையே வளர்ந்துவிட்டது. அதனால் ஒரு பயிலரங்கின் நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்தால், பேச்சாளர் பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது தேநீர் இடைவேளைக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள், கூச்சப்படுகிறவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போக ஒரு சவ்லா அங்கே இருப்பாரா என்பதை.