அவசர சிகிச்சைப் பிரிவில் ஓங்கும் கைகள்

2023 மே 10ஆம் தேதி விடியற்காலையில், கேரளத்தின் கொட்டாரக்கரைத் தாலுகா மருத்துவமனைக்குப் போலீசாரே சிகிச்சைக்கென அழைத்து வந்த ஒருவன், காயத்துக்குக் கட்டுப் போடும் வேளையில் அங்கிருந்த கத்தரிக்கோலை எடுத்து, பயிற்சியிலிருந்த இளம் பெண் மருத்துவரைக் குத்திக் கொன்றான். காவலர் அவ்விடத்திலேயே இருந்தும் அவ்வுயிரைக் காக்க இயலவில்லை என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சம் பதறுகிறது.

மருத்துவமனையில் கைகள் ஓங்குவதற்கு வேறு காரணமும் உண்டு. விபத்தில் அடிபட்டோரும், விஷம் அருந்தியோரும், மார்வலியால் துடிப்போரும் ஒரே வாசலில் வந்து சேருகின்ற காஷுவாலிட்டியில், முன்னே வந்தவர்க்கே முதற் சிகிச்சை என்ற நியாயம் செல்லாது. உயிராபத்தில் இருப்போருக்குச் சிவப்பு, அடுத்த நிலையினர்க்கு மஞ்சள், பொறுத்திருக்கக் கூடியோர்க்குப் பச்சை என்று தரம் பிரித்தே அங்கு கவனிக்கிறார்கள். கை முறிந்து வலியோடு காத்திருக்கும் வாலிபனின் உறவினர், தமக்குப் பின் ஸ்ட்ரெச்சரில் வந்தவர் உள்ளே கொண்டுபோகப்படுவதைக் கண்டு கொதிக்கிறார்கள். காரணத்தை இரண்டு வாக்கியத்தில் எடுத்துச் சொல்ல அங்கே ஆளில்லை. அந்த மௌனத்திலேதான் கலகம் பிறக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். அடி விழுவதோ, பெரும்பாலும் எதிரே நிற்கும் செவிலியர்மீதும் வாயிற்காவலர்மீதும்.

தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலேயே இத்தகைய தாக்குதல்களைத் தடுப்பதற்கென்று தனிச் சட்டம் பிறந்துவிட்டது. மருத்துவர் மாத்திரமன்றிச் செவிலியரும், மருத்துவம் பயிலும் மாணவரும், துணை மருத்துவப் பணியாளரும் அதன் பாதுகாப்புக்கு உட்பட்டவர்களே. அவர்களைத் தாக்கினால் 3 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை சிறைவாசமும் அபராதமும் உண்டு. ஜாமீனை உரிமையாகக் கேட்டுப் பெறக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு வழியில்லை. உடைத்த கருவிக்கு அதன் விலையைப் போல் இரு மடங்கு நஷ்டஈடு தரவேண்டும். ஆயினும், "விட்டுவிடம்மா, துக்கத்தில் செய்துவிட்டார்கள்" என்று மேலதிகாரிகளே சமாதானம் பேசி அனுப்பிவிடுகையில், அச்சட்டம் ஏட்டோடு நின்றுவிடுகிறது. தாக்குண்டவர் தம் காயத்தை ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் உடனே பதியச் செய்வதும், சி.சி.டி.வி. காட்சி அழியுமுன் அதைப் பாதுகாக்கும்படி எழுத்து மூலம் கேட்பதும் அவசியம். மத்திய அரசு மருத்துவமனைகளில் 6 மணி நேரத்துக்குள் முதல் தகவல் அறிக்கை பதிவாகச் செய்யும் பொறுப்பு நிறுவனத் தலைவருடையது என்று 2024 ஆகஸ்டில் உத்தரவாயிற்று. அந்தப் பொறுப்பை எல்லா மருத்துவமனைகளுமே ஏற்க வேண்டும்.

சிகிச்சையில் அலட்சியம் நேர்ந்ததென்று சந்தேகிக்கும் உறவினர்க்கும் பரிகாரம் உண்டு. மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுப்பது மருத்துவரின் கடமை. அவற்றைக் கொண்டு மாநில மருத்துவக் கவுன்சிலிலும், கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சையாயின் நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம்.