கணினிக்கும் வேண்டும் காவல்

கேமரன் மலையிலுள்ள கோலா தெர்லாவைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்களும் காய்கறித் தோட்டங்களும் உள்ளன. சிறிய நீர்மின் நிலையம் ஒன்றும் அங்கு உண்டு. அத்தகைய ஒரு தோட்டத்தில், உரமூட்டைகள் வைத்திருந்த பழைய கொட்டகையை அலுவலகமாக மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். தொழிலாளர்களின் சம்பளக் கணக்கு முழுவதும் அங்குள்ள கணினிகளில்தான் இருக்கும். அவற்றை எவ்வாறு பாதுகாப்பது?

கொட்டகையில் இருப்பது ஒரே ஒரு விளக்குக்காகப் போடப்பட்ட பழைய கம்பி. அதிலேயே கணினிகளை இணைத்தால் கம்பி சூடேறித் தீப்பிடிக்கலாம். எனவே, முதன்மைக் கட்டடத்திலிருந்து தகுந்த தடிப்புள்ள புதிய கம்பியை இழுத்து, கொட்டகைக்கெனத் தனி மின்பெட்டி அமைக்க வேண்டும். முறையான நில இணைப்பும் அவசியம்.

மின்பெட்டியிலுள்ள முதல் காவலன் எம்.சி.பி. எனப்படும் துண்டிப்பான். அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால் அது சுற்றைத் துண்டித்துவிடும். நம் வீட்டு மின்செருகி 13 ஆம்பியர் வரை தாங்கும். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 3,000 வாட். குளிருக்காக 2,000 வாட் சூடேற்றியையும் 2,000 வாட் கெண்டியையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் செருகினால் எல்லை மீறிவிடும் அன்றோ?

இரண்டாம் காவலன் மின்கசிவுத் துண்டிப்பான். கருவிக்குள் செல்லும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும். ஈரத்தினாலோ மனிதர் உடல் வழியாகவோ மின்சாரம் கசிந்தால் அச்சமநிலை குலையும். வேறுபாடு 30 மில்லியாம்பியரை எட்டுவதற்குள் இக்கருவி கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தி உயிரைக் காக்கும்.

ஆயினும், கணினிகள் இயல்பாகவே மிகச் சிறிதளவு மின்சாரத்தை நிலத்திற்குக் கசியவிடுகின்றன. பல கணினிகள் ஒரே துண்டிப்பானைப் பகிர்ந்தால் அச்சிறு கசிவுகள் ஒன்றுசேரும். மூடுபனி ஈரமும் சேர்ந்தால், பழுது ஏதுமின்றியே மின்சாரம் அடிக்கடி நின்றுவிடும். அதற்காகத் துண்டிப்பானையே நீக்கிவிடுவது, குரைக்கிறது என்று காவல் நாயை விரட்டுவது போன்றதாகும். கணினிகளைத் தனித்தனிச் சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித் துண்டிப்பான் பொருத்துவதே சரியான தீர்வு.

மின்னல் மற்றோர் அபாயம். மின்பெட்டியில் மிகையழுத்தக் காப்பான் பொருத்தினால், திடீரென உயரும் மின்னழுத்தம் நிலத்திற்குத் திருப்பிவிடப்படும். இரு கட்டடங்களை இணைக்கும் இணையக் கம்பி வழியாகவும் மின்னலின் தாக்கம் நுழையலாம். உலோகக் கம்பிக்குப் பதில் ஒளியிழையைப் பயன்படுத்தினால் அவ்வழி அடைபடும். மின்சாரம் தடைபட்டாலும், யு.பி.எஸ். கருவி கணக்கைச் சேமிக்கச் சில நிமிட அவகாசம் தரும்.

இப்பணிகளை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும். மின்கசிவுத் துண்டிப்பானிலுள்ள சோதனைப் பொத்தானை மட்டும் மாதம் ஒருமுறை நாமே அழுத்திப் பார்க்கலாம். உடனே மின்சாரம் நின்றால் காவலன் விழித்திருக்கிறான் என்று பொருள். நிற்காவிட்டால் மின்பணியாளரை அழைக்கத் தாமதிக்கக் கூடாது. வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை.